கேட்காமல் போன ஸ்வரம்

"லாரஸ், நீ அங்க்லுங் ஆட்டுறியா, தொட்டில் ஆட்டுறியா?" என்று நினிங் டீச்சர் கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். பக்ஜா மட்டும் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தான்.

"ஆட்டினேன் டீச்சர்," என்றாள் லாரஸ்.

"கை ஆடுச்சு. சத்தம் வரலையே."

அங்க்லுங் என்பது மூங்கில் வாத்தியம். ஒரு சட்டத்தில் மூங்கில் குழாய்கள் தொங்கும். ஆட்டினால் ஒரே ஒரு ஸ்வரம் ஒலிக்கும். ஒருவருக்கு ஒரு ஸ்வரம்தான். அதனால் ஒரு பாட்டை வாசிக்க ஒரு வகுப்பே வேண்டும். ஒருவர் விட்டுவிட்டாலும் பாட்டில் அந்த இடத்தில் ஓட்டை விழும்.

லாரஸிடம் இருந்தது எல்லாவற்றிலும் பெரிய அங்க்லுங். தரையில் நிறுத்தினால் அவள் இடுப்புவரை வரும். அதன் ஸ்வரம் மிகத் தாழ்ந்தது. கிணற்றுக்குள்ளிருந்து யாரோ மெதுவாகக் கூப்பிடுவது போல இருக்கும். அப்படித்தான் இருக்கும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். லாரஸ் இதுவரை அதைச் சரியாகக் கேட்டதில்லை.

"நகர விழாவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு," என்றார் டீச்சர். "திங்கக்கிழமை வரைக்கும் பாப்போம். அப்பவும் கேக்கலைன்னா பெருசை பக்ஜாகிட்ட குடுத்துடலாம். நீ தாளத்துக்குக் கை தட்டும்மா."

டீச்சர் கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார். அதுதான் லாரஸுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவர்கள் பள்ளியில் காலையில் ஒரு கூட்டம் படிக்கும், மதியம் வேறொரு கூட்டம் படிக்கும். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் நேரத்தில், பின்பக்க முற்றத்தில்தான் பயிற்சி.

முற்றத்தின் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தொழிற்சாலை. மண் தோண்டும் பெரிய பெரிய இயந்திரங்களை அங்கே செய்தார்கள். செய்து முடித்ததும் மஞ்சள் வண்ணம் பூசி, சுவரை ஒட்டிய மைதானத்தில் வரிசையாக நிறுத்தி ஓட்டிப் பார்ப்பார்கள். அந்த மைதானத்துக்குப் பொறுப்பு லாரஸின் அம்மா தீதின்.

காலையில் ஓட ஆரம்பித்தால் அந்த இயந்திரங்கள் மாலை வரை 'ஊம்ம்ம்' என்று உறுமிக்கொண்டே இருக்கும். புகை சுவரைத் தாண்டி வந்து மாமரத்தின் இலைகளில் கரியாகப் படியும். எப்போதும் இருப்பதால் அந்தச் சத்தம் யாருக்கும் தனியாகக் கேட்பதில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளி சீக்கிரமே முடிந்தது. பையன்கள் தொழுகைக்குப் போய்விட்டார்கள். லாரஸ் மட்டும் பெரிய அங்க்லுங்கைத் தூக்கிக்கொண்டு பின்பக்க முற்றத்துக்கு வந்தாள். தனியாகப் பயிற்சி செய்தால் சரியாகிவிடும் என்று நினைத்தாள்.

உட்கார்ந்தவள் உடனே ஆட்டவில்லை. ஏதோ மாறியிருந்தது. என்னவென்று தெரியவில்லை.

மாமரத்தில் ஒரு அணில் எதையோ கொறித்துக்கொண்டிருந்தது. அந்தக் கொறிக்கும் சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. எங்கேயோ குழாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதுவும் கேட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரங்கள் எல்லாம் நின்றிருந்தன. அங்கே வேலை செய்கிறவர்களும் தொழுகைக்குப் போயிருந்தார்கள்.

லாரஸ் அந்த அமைதியைக் கலைக்கப் பயந்தவள் போல மெதுவாக அங்க்லுங்கை ஆட்டினாள்.

ஸ்வரம் எழுந்தது. தாழ்ந்து, உருண்டையாக, அவள் நெஞ்சுக்குள்ளும் அதிர்ந்தது. அவள் கையை நிறுத்திய பிறகும் அது கொஞ்ச நேரம் முற்றத்தில் நின்றது.

அவள் மறுபடி ஆட்டினாள். மறுபடியும் வந்தது.

தொழுகை முடிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு இயந்திரம் உறுமியது. பிறகு இன்னொன்று. 'ஊம்ம்ம்.' லாரஸ் ஆட்டிக்கொண்டே இருந்தாள். மூங்கில் அதிர்வது கைக்குத் தெரிந்தது. காதுக்குத் தெரியவில்லை. இயந்திரங்களின் உறுமலும் அவளுடைய ஸ்வரமும் ஒரே சுருதியில் இருந்தன. பாலில் விழுந்த பால் போல அவள் ஸ்வரம் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

அன்று மாலை அப்பா டெம்பே என்ற சோயாத் துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தார். அம்மா வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு வந்து, குளித்து, தட்டின் முன்னால் உட்கார்ந்தாள்.

"அம்மா, சாப்பாட்டு நேரத்துல மிஷின்ல யாராவது உக்காந்திருப்பாங்களா?"

"யாரு உக்காருவா? எல்லாரும் கேன்டீன்ல இருப்போம்."

"அப்போ அது ஏன் ஓடுது?"

"நிறுத்தினா ஆறிடும்ல. டெஸ்ட் பண்ணும்போது மிஷின் சூடா இருக்கணும். தினமும் காலையில வண்டியைச் சூடு பண்றோம்ல, அது மாதிரிதான்."

அந்தத் தெருவில் எல்லோரும் அப்படித்தான். காலையில் எழுந்ததும் மோட்டார் சைக்கிளை உறும விட்டுவிட்டுத்தான் குளிக்கவே போவார்கள். அப்பா ஒருநாள் வண்டியைச் சூடாக விட்டுவிட்டு, அதை மறந்து, பஸ்ஸில் வேலைக்குப் போய்விட்டார்.

"வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்துல மட்டும் நிறுத்துறீங்களே?"

"ஆமா. முடிஞ்சு வந்ததும் திரும்ப ஸ்டார்ட் பண்ணுவோம். சூடாகட்டும்னு விட்டுட்டு டீ குடிச்சிட்டு வருவோம். அப்புறம்தான் டெஸ்ட்."

"ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஆறியிருக்கா?"

"ஆறித்தான் இருக்கும்."

"தொட்டுப் பாத்தியாம்மா?"

"தொட வேண்டாம். சூட்டைக் காட்ட உள்ளேயே முள்ளு இருக்கு. பச்சையில இருந்தா சூடு போதும்னு அர்த்தம்."

"முள்ளைப் பாத்தியா?"

அம்மாவின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

"பதில் சொல்லு தீதின்," என்றார் அப்பா. "கோர்ட்ல கேக்குறாங்க."

லாரஸ் எழுந்து வாசலைக் காட்டினாள். அவர்கள் வீட்டுப் பூனை மோட்டார் சைக்கிளின் இன்ஜினை ஒட்டிச் சுருண்டு படுத்திருந்தது. "நீ வந்ததும் அது வந்து படுத்துச்சு. இன்னும் எழுந்து போகலை. சின்ன வண்டியே இவ்வளவு நேரம் சூடா இருக்கு. உங்க மிஷின் நம்ம வீட்டை விடப் பெருசு. அது அவ்வளவு சீக்கிரமா ஆறும்?"

அம்மா பூனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கும்மா இந்த விசாரணை?" என்று அப்பா கேட்டார்.

லாரஸ் எல்லாவற்றையும் சொன்னாள். அணில் கொறித்தது, ஸ்வரம் வந்தது, பிறகு காணாமல் போனது, திங்கட்கிழமை, பக்ஜா.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் அம்மா. பிறகு தட்டைத் தள்ளி வைத்தாள். "எங்க மேனேஜர் விர்யா சார் டீசலைக் குறைக்கணும், புகையைக் குறைக்கணும்னு தலைகீழா நிக்கிறாரு. பல்பு மாத்தினாரு. மரம் நட்டாரு. மூணு கலர்ல குப்பைத் தொட்டி வச்சாரு. எதுல எதைப் போடணும்னு தெரியாம எல்லாரும் குப்பையைப் பாக்கெட்ல வச்சு வீட்டுக்குக் கொண்டுபோறோம்."

"அவர்கிட்ட இதைச் சொல்லேன்மா."

"என்னன்னு சொல்றது? 'சார், இத்தனை வருஷமா நான் டீசலைச் சும்மா எரிச்சிட்டிருந்தேன்'னு நானே போய்ச் சொல்றதா?"

லாரஸ் இதை நினைத்துப் பார்க்கவில்லை. அம்மாவின் முகம் சின்னதாகிவிட்டிருந்தது. கை தட்டிக்கொண்டு நிற்கும்போது தன் முகமும் இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

"அப்போ சொல்ல வேண்டாம்மா," என்றாள். "நான் கை தட்டிக்கறேன். நீ ஒருதரம் முள்ளை மட்டும் பாரு. தெரிஞ்சுக்கத்தான்."

அம்மா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சனி, ஞாயிறு முழுக்கவும் அதிகம் பேசவில்லை. லாரஸும் கேட்கவில்லை. அவர்கள் வீட்டில் பேசாமல் இருப்பது கோபம் என்று அர்த்தமில்லை. யாரோ யோசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

திங்கட்கிழமை மதியம் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் 'ஊம்ம்ம்.' டீச்சர் கையை உயர்த்தினார். பக்ஜா தன் சின்ன அங்க்லுங்கை வைத்துக்கொண்டு பெரியதையே பார்த்தான்.

"கை வலிச்சா சொல்லு. நான் வாங்கிக்கறேன்," என்றான்.

"உன் கண்ணுதான் வலிக்கும். ரொம்ப நேரமாப் பாக்குற," என்றாள் லாரஸ்.

அப்போது ஒரு இயந்திரம் நின்றது. அடுத்தது நின்றது. ஒவ்வொன்றாக நின்று, கடைசி இயந்திரமும் இருமிவிட்டு ஓய்ந்தது.

யாரும் அசையவில்லை. டீச்சரின் உயர்ந்த கை அப்படியே இருந்தது. மாவிலைகள் உரசும் சத்தம் கேட்டது. யாருடைய வயிறோ பசியில் கடமுடா என்றது. அதுவும் எல்லோருக்கும் கேட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஓடி வந்தார்கள்.

"என்னாச்சு? ஏன் சத்தமே இல்லை? யாருக்காவது அடிபட்டுச்சா?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லை விர்யா சார்." அது அம்மாவின் குரல். "நான்தான் நிறுத்தச் சொன்னேன். மிஷின்ல ஆள் இல்லை. சும்மாதான் ஓடுது. சாப்பிட்டு வந்து முள்ளைப் பாப்போம் சார். ஆறியிருந்தா என்னைத் திட்டுங்க."

"ஆறலைன்னா?"

லாரஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பவும் திட்டலாம் சார். இத்தனை வருஷமா சும்மா ஓட விட்டதுக்கு."

பிறகு விர்யா சாரின் குரல் தணிந்து வந்தது. "அப்போ என்னையும் சேர்த்துத் திட்டணும். என் ரூம் ஜன்னல் இந்தப் பக்கம்தான் இருக்கு. தினமும் பாக்கறேன். வாங்க, முதல்ல சாப்பிடுவோம்."

நினிங் டீச்சர் தொண்டையைக் கனைத்தார். "ஒட்டுக் கேட்டது போதும். ஆரம்பிப்போம்."

பாட்டு தொடங்கியது. லாரஸின் முறை வந்தது. அவள் ஆட்டினாள். ஆழமாக, அழகாக ஸ்வரம் எழுந்து முற்றம் முழுக்கப் பரவியது.

டீச்சர் பாட்டை நிறுத்தினார்.

"லாரஸ், இப்போ நல்லாக் கேக்குது."

லாரஸ் சிரித்தாள்.

"லேட்டா வர்றதும் நல்லாக் கேக்குது."

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். லாரஸுக்கு முகம் சூடாகியது. தன் ஸ்வரம் தனக்கே கேட்காததால், இத்தனை நாளும் அவள் பக்கத்தில் இருக்கிறவளின் கையைப் பார்த்துத்தான் ஆட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்துக்காரி ஆட்டிய பிறகு லாரஸ் ஆட்டினால் எப்படியும் தாமதம்தானே.

"என் கையைப் பாரு," என்றார் டீச்சர். "மத்ததுக்குக் காது இருக்கு."

இரண்டாவது தடவை அவசரப்பட்டு முன்னாலேயே ஆட்டிவிட்டாள். மூன்றாவது தடவை டீச்சரின் கையைப் பார்த்தாள். மற்ற ஸ்வரங்கள் ஒவ்வொன்றாக வருவதைக் கேட்டாள். தன்னுடைய இடம் காலியாக, தனக்காகக் காத்திருப்பது தெரிந்தது. சரியாக அந்த இடத்தில் ஆட்டினாள்.

டீச்சர் இந்தத் தடவை பாட்டை நிறுத்தவில்லை. முடியும் வரை கையை அசைத்துக்கொண்டே இருந்தார். பக்ஜா தன் சின்ன அங்க்லுங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

பயிற்சி முடியும் நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவின் குரல் கேட்டது. "பச்சையிலயே நிக்குது சார். அசையவே இல்லை."

அதன் பிறகு சாப்பாட்டு நேரத்தில் இயந்திரங்கள் ஓடவில்லை. காலையிலும், ஓட்டுகிறவர் ஏறி உட்கார்ந்த பிறகே உயிர் பெற்றன. டீசல் லாரி முன்பு போல அடிக்கடி வரவில்லை. இயந்திரம் எந்த ஊருக்குப் போனாலும், ஆள் இறங்கிக் கொஞ்ச நேரமானால் தானாகவே நின்றுவிடும்படி செய்ய முடியுமா என்று விர்யா சார் அம்மாவையும் உட்கார வைத்து யோசித்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் நடந்தது. மதிய அமைதியில் தொழிற்சாலைக்குள் நடந்தபோது விர்யா சாருக்கு 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கேட்டது. பாம்பு என்று நினைத்து ஒரு மேசை மேல் ஏறிவிட்டார். அது பாம்பு இல்லை. காற்றை அழுத்தி அனுப்பும் குழாய் ஒன்றில் ஓட்டை. தேடிப் பார்த்தால் கட்டடம் முழுக்க அப்படி ஓட்டைகள். அடைத்ததும் காற்றடிக்கும் இயந்திரம் பாதி நேரம் ஓய்வெடுக்க ஆரம்பித்தது. இத்தனை நாளும் எவ்வளவு மின்சாரம் அப்படி வீணானதோ, யாருக்கும் கேட்கவில்லை.

விழாவுக்கு முந்தின நாள் கடைசிப் பயிற்சி. தொழிலாளர்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு சுவருக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு முடிந்ததும் கைதட்டல் கேட்டது. சுவருக்கு மேலே விர்யா சாரின் தலை எழுந்தது. எதன் மேலோ ஏறி நின்றிருந்தார்.

"அந்தப் பெரிய ஸ்வரம் யாரோடது?"

"என்னோடது சார்," என்றாள் லாரஸ்.

"ரொம்ப நல்லா இருந்துச்சும்மா." அவர் கொஞ்சம் தயங்கினார். "ஆனா மூணாவது வரியில யாரோ கொஞ்சம் லேட்டு."

"அது நான் இல்லை சார்," என்றாள் லாரஸ்.

எல்லோரும் பக்ஜாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் மாமரத்தைப் பார்த்தான்.

இப்போதெல்லாம் அந்த முற்றத்தில் யார் தப்பு செய்தாலும் எல்லோருக்கும் கேட்டுவிடுகிறது.