நான்காவது துளை

ஜூன் எட்டாம் தேதி, புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த வீட்டுக்குப் போனேன். கொச்சி மட்டாஞ்சேரியில், யூதர் தெருக் கடைகளுக்குப் பின்னால் ஒரு பழைய சுக்குக் கிடங்கு. அதை வாங்கி வீடாக மாற்றிக்கொண்டிருந்தார் சுஜித். அவருக்கு வேலை எர்ணாகுளத்தில். கட்டட வேலையைக் கைபேசியில் கற்றவர். இரண்டு வீடியோ பார்த்தவரெல்லாம் மேஸ்திரிக்குப் பாடம் எடுக்கிற காலம் இது.

வடக்கு அறைச் சுவரில் இடுப்பளவுக்கு ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தது. வெட்டுக்கல் சுவர், மேலே சுண்ணாம்புக் காரை. அவர் மனைவி அம்பிளி படுப்பது அங்கேதான். எட்டு மாதக் கர்ப்பிணி. பிரசவம் முடிந்து பிள்ளையோடு திரும்பி வரப்போவதும் அதே அறைக்குத்தான்.

"சார், சிமென்ட் வச்சு மூடுனா ஈரம் உள்ளயே நிக்கும். மழை போகட்டும், சுண்ணாம்பே பூசுவோம்" என்றேன்.

"சுண்ணாம்பு தடவ மேஸ்திரி எதுக்கு? வெத்தலக் கடைக்காரர் போதுமே" என்று சிரித்தார். "சிமென்ட், கெமிக்கல், மூணு கோட்டு. நாலு நாள்ல தீரணும்."

அதற்குமேல் பேசுவது வீண். இவரைப் போன்றவர்களுக்குப் பூச்சு உரிந்து காலில் விழுந்தால்தான் சுவர் புரியும். விழட்டும் என்றே வேலையைத் தொடங்கினேன்.

தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சுவர் காய்வதற்காகப் பழைய கொத்தனார்கள் நான்கு துளைகள் விட்டிருந்தார்கள். மூன்றை யாரோ முன்பே அடைத்திருந்தார்கள். நான்காவது திறந்திருந்தது.

சனிக்கிழமை மதியம் அதை மட்டும் மூடவேண்டியிருந்தது. வெளியே மழை இருட்டிக்கொண்டு பெய்தது. அம்பிளி வாசற்படியருகே நாற்காலியில் இருந்தாள்.

"மேஸ்திரியண்ணா, அத அடைக்க வேண்டா" என்றாள் மெல்ல.

"ஏம்மா?"

"அது மூச்சு விடுது. நான் விடறப்போ அதும் விடும்."

புருஷனுக்கு ஏற்ற பெண்டாட்டி என்று நினைத்துக்கொண்டு துளையருகே கையை வைத்தேன். வெதுவெதுப்பான காற்று விரல்களில் பட்டது. சுக்கு வாசம்.

நின்றது.

பிறகு உள்ளே இழுத்தது.

மழையில் நனைந்தபடி வெளியே போய்ப் பார்த்தேன். சுவரின் மறுபக்கத்தில் துளையே இல்லை.

அப்போதே கரணையைக் கீழே வைத்திருக்க வேண்டும். ஓட்டைக்குப் பயந்து ஒரு மேஸ்திரி ஓடினான் என்று சுஜித் நாலு பேரிடம் சொல்லிச் சிரிப்பாரே என்றுதான் பட்டது. சட்டென இறுகும் கலவையை உருட்டித் துளைக்குள் கட்டைவிரலால் அழுத்தினேன்.

அது வெளியே தள்ளியது.

மறுபடி அழுத்தினேன். கல் போல இறுகும்வரை விரலை எடுக்கவில்லை. மேலே பூச்சும் கொடுத்தேன்.

அறை திடீரென்று அமைதியானது. அதுவரை என் காதில் விழுந்துகொண்டிருந்தது மழை மட்டுமல்ல என்று அப்போதுதான் தெரிந்தது.

"அண்ணா..."

திரும்பினேன். அம்பிளியின் வாய் திறந்திருந்தது. நெஞ்சு ஏறவில்லை. இரண்டு கைகளாலும் நாற்காலியைப் பிடித்திருந்தாள். உதடு நீலம் பாரித்தது.

சுஜித் உள்ளே ஓடிவந்து, "என்னாச்சு, என்னாச்சு" என்றபடி கைபேசியைத் தேடினார்.

நான் உளியையும் சுத்தியலையும் எடுத்தேன்.

ஆறு அடி. ஏழு. எட்டாவது அடியில் உளி உள்ளே போனது.

சுவர் நீளமாக மூச்சிழுத்தது. தரையில் கிடந்த சிமென்ட் தூளெல்லாம் துளைக்குள் போனது. என் பின்னால் அம்பிளியும் இழுத்தாள். அதே நீளம்.

"கெமிக்கல் நெடிதான். வேற ஒண்ணுமில்ல. ஜன்னலத் திறந்து வச்சிருந்தா இது வந்திருக்காது மேஸ்திரி" என்றார் சுஜித். அவரிடம் எதற்கும் ஒரு விளக்கம் இருக்கும்.

அம்பிளி அதைக் கேட்கவில்லை. வயிற்றின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சேட்டா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றாள். "பிள்ள அசையல."

நான் இன்னும் குந்தியே இருந்தேன். கை துளையருகே இருந்தது. பெரிய மூச்சு வந்து போனது. அது நின்ற இடைவெளியில் விரல் நுனியில் இன்னொன்று பட்டது.

சின்னது. வேகவேகமாக.