பின்னறைப் போர் விமானம்

அன்று பிற்பகல் எங்கள் செண்பகனூர் வீட்டில் இருந்தவர்கள் மூவர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியன், உபகாரம் என்ற பெயருள்ள நான். சமையலறையில் என் மனைவி ஜோசப்பின். நாயுடுபுரத்திலிருந்து வந்திருந்த ராஜமுருகன். வேறு யாரும் இல்லை.

ராஜமுருகன் என்னிடம் படித்தவர். ஏரிப்பக்கம் வீடியோ கேம் கடை வைத்திருக்கிறார். எங்கள் பின்னறையிலிருந்த விளையாட்டு இயந்திரத்தை எடுத்துப்போக வந்தார். போர் விமானியின் இருக்கை போல அமைந்த பெரிய பெட்டி அது. உட்கார்ந்து கைப்பிடியைச் சாய்த்தால் திரையில் விமானம் சாயும்; விசையை அழுத்தினால் ஏவுகணை பாயும்.

"வாத்தியார் வீட்ல வீடியோ கேமா! இதுக்குத்தானே சார் எங்கள முட்டி போட வச்சீங்க?"

"மகன் லீவுக்கு வந்தப்பல்லாம் ஆடுவான்ப்பா" என்றேன்.

அது பொய்.

என் மகன் பென்சன் விமானப்படைக்குத் தேர்வாகிவிட்டான் என்று நான் முந்திக்கொண்டு சொல்ல, பங்குத்தந்தை ஞாயிறு பூசையில் அறிவித்தார். கோயிலே கைதட்டியது. மறுவாரம் அவன் கண் பரிசோதனையில் தோற்றுத் திரும்பினான். எங்கள் குடும்பத்தில் எவரும் ஊர் சிரிக்க நின்றதில்லை. அடுத்த தேர்வுவரை யார் கண்ணிலும் படாதே என்றேன். மூன்று ஆண்டுகள் பின்னறையில் இருந்தான்; ஊரைப் பொறுத்தவரை விமானப்படையில். என்னிடம் அவன் கேட்டது, ஒரு விடுதி கழித்துப்போட்ட இந்த இயந்திரத்தை மட்டும். தார்ப்பாய் போர்த்தி, பிரிட்ஜ் என்று சொல்லி, ஜீப்பில் கொண்டுவந்தேன்.

கேட்டில் யாராவது வந்தால் ஜோசப்பின் சமையலறைச் சுவரில் கரண்டியால் இருமுறை தட்டுவாள். அவன் இருக்கையோரக் குமிழைத் திருப்பிச் சத்தத்தைக் குறைத்துவிடுவான்.

சென்ற டிசம்பரில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. இங்குள்ள மருத்துவர்களுக்கு எங்களைத் தெரியும். ஆகவே திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோனேன். மலை இறங்குவதற்குள் முடிந்துவிட்டது. பணியில் இறந்தான் என்று ஊருக்குச் சொன்னோம். இந்த இயந்திரமும் போய்விட்டால், அவன் இங்கே இருந்ததற்கு அடையாளம் எதுவும் மிஞ்சாது.

"வெரசா ஒரு ஆட்டம் போட்டுப் பாத்துர்றேன் சார்" என்று ராஜமுருகன் இருக்கையில் ஏறினார்.

விமானத்தின் முழக்கம் அறையை நிரப்பியது. ஜன்னல் கண்ணாடியில் மூடுபனி ஒட்டிக்கொண்டிருந்தது. ஈரச்சுவரின் வாடையோடு இன்னொரு வாடையும் எழுந்தது. யூகலிப்டஸ் தைலம். கடைசி நாட்களில் அவன் நெஞ்சில் தடவியது.

"அடேங்கப்பா, பின்னாலயே ஒருத்தன் வர்றான் சார்!" ராஜமுருகன் திரையைப் பார்த்துச் சிரித்தார்.

வெளியே கேட் கிறீச்சிட்டது.

ஜோசப்பினின் கை பழக்கத்தில் சுவரைத் தட்டிவிட்டது.

டொக். டொக்.

இருக்கையின் பக்கவாட்டில் இருந்த குமிழ் திரும்பியது.

மெல்ல. இடப்பக்கமாக.

முழக்கம் தேய்ந்து அடங்கியது. திரையில் விமானம் ஓசையின்றிப் பறந்துகொண்டிருந்தது.

ராஜமுருகனின் இரண்டு கைகளும் கைப்பிடியில் இருந்தன.

"சார்... நீங்களா தொட்டீக?"

நான் அறையின் வாசற்படியை விட்டு நகரவில்லை.

"எங் கழுத்துகிட்ட யாரோ மூச்சு விடுறாக சார்."

ஜோசப்பின் வந்து என்னருகே நின்றாள். அவள் முகத்தில் பயம் இல்லை. இருக்கையைப் பார்த்துக் கிசுகிசுத்தாள்.

"பால்காரம்மாதான்யா. போயிட்டாக."

குமிழ் வலப்பக்கம் திரும்பியது. முழக்கம் மீண்டும் எழுந்தது.

ராஜமுருகன் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். ஜோசப்பின் சொன்னதை அவர் கடைவீதியில் சொல்ல, மீதியை ஊர் சேர்த்துக்கொண்டது. இயந்திரம் இங்கேயே இருக்கிறது. இப்போது எங்கள் கேட்டைத் திறந்துகொண்டு யாரும் வருவதில்லை. பாலைக்கூட நான் கடைக்குப் போய்த்தான் வாங்கிவருகிறேன்.

பெற்ற மகனை அறையில் போட்டுப் பூட்டி வைத்திருந்தோம் என்று பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் பூட்டோ தாழ்ப்பாளோ கிடையாது. உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் உண்டு. இன்று காலை நான் திறக்கப் போனபோதும் அது உள்ளிருந்து போட்டிருந்தது.