ஆறு எண்களும் ஒரு கேள்வியும்

திண்டுக்கல் நாகல் நகரில், மாவு மில்லுக்குப் பின்னால் உள்ள சந்தின் கடைசி வீடு பாஸிலாவினுடையது. அவள் அத்தா என்று அழைக்கும் அப்பா இஷாக் லாரி ஓட்டுபவர். வாரத்தில் ஒரு நாள் அவர் வீட்டில் இருந்தாலே பெரிய காரியம். அம்மா உம்மு சல்மாவுக்கு, பூட்டுகளை மொத்தமாக வெளியூருக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தில் பில் போடும் வேலை. மதியம் சென்றாளானால், சரக்கெல்லாம் லாரி ஏறிய பிறகே வீடு திரும்புவாள்.

ஆகவே, ஐந்தாம் வகுப்பு மாணவியான பாஸிலா பள்ளியிலிருந்து வரும்போது, வீட்டில் அவளை எதிர்கொள்வது கதவில் தொங்கும் பூட்டு ஒன்றுதான். திண்டுக்கல் பூட்டு அல்லவா? திறப்பதற்குச் சற்றே அடம்பிடிக்கும்.

"திற, நான்தான்" என்று அதனிடம் சொல்வாள் பாஸிலா. வீட்டுக்கு வந்ததும் அவள் பேசும் முதல் பேச்சு அதுதான். வெகு நேரத்துக்கு அதுவே கடைசிப் பேச்சாகவும் இருக்கும்.

அரிசி டின்னின் மேல் அம்மாவின் போன் இருக்கும். அதனருகில் மூடி வைத்த தட்டில் சாப்பாடு இருக்கும். பாஸிலா தட்டைத் திறந்து பார்ப்பாள், மறுபடியும் மூடிவிடுவாள். தனியாக உட்கார்ந்து சாப்பிட அவளுக்குப் பிடிக்காது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நாலரை மணிக்காகக் காத்திருப்பாள்.

அந்தக் கடிகாரமும் நேர்மையானது அன்று. பத்து நிமிடம் முந்தி ஓடும்படி அத்தாதான் அதைத் திருப்பி வைத்திருந்தார். "முந்திப் போனாத்தான் முதல் லோடு" என்பது அவருடைய வேதவாக்கு. ஆதலால், கடிகாரம் நாலரை காட்டிய பிறகும் பாஸிலா இன்னும் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். பிறகு போன் மணி அடிக்கும்.

"பாஸி, எண்ணு வந்துச்சா?"

"வந்துருச்சும்மா. நாலு, ஏழு, ஏழு, ரெண்டு, பூச்சியம், ஒம்பது."

"கடைசி ஒம்பதா?"

"ஒம்பதேதான்."

"சரி. சாப்பிட்டியா?"

"ம்."

"வைக்கிறேன்."

அவ்வளவுதான். நாலரை மணிக்குப் பில் போட அம்மா உட்காரும் கணினி யாரையும் லேசில் உள்ளே விடாது. கடவுச்சொல்லைக் கொடுத்த பின், பதிவு செய்த போனுக்கு ஆறு எண்களை அனுப்பும். அவற்றையும் சரியாகச் சொன்னால்தான் திறக்கும். வேலையில் சேர்ந்த அன்று, அம்மா தன் போன் எண்ணையே பதிவு செய்துவிட்டாள். தனியாக இருக்கும் பிள்ளையிடம் போன் இருக்கட்டும் என்று, அந்தப் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவளும் அவளேதான்! பூட்டு ஓரிடத்தில் இருந்தது. சாவி வேறோரிடத்தில் இருந்தது.

ஆபீஸ் போனில் சொந்தப் பேச்சுக் கூடாது என்பது மேலாளர் சோலைமலையின் கட்டளை. ஆறு எண்களுக்குப் பின்னால் ஒரே ஒரு கேள்வியை மட்டும் அம்மா ஓசைப்படாமல் நுழைத்துவிடுவாள். சாப்பிட்டியா? தாப்பாள் போட்டியா? சளி எப்படி இருக்கு? அந்தக் கேள்விக்காகவே பாஸிலா ஆறு எண்களையும் ஆற அமரச் சொல்வாள்.

ஒரு வியாழக்கிழமை, வீட்டின் அமைதி அவளுக்குப் பொறுக்கவில்லை. மொட்டை மாடிக்குப் போனாள். தொலைவில் மலைக்கோட்டையின் பாறை வெயிலில் பழுத்துக் கிடந்தது. அடுத்த தெருவில் பிள்ளைகள் கூச்சலிட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய விளையாட்டில் யார் ஜெயிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றவள், நேரத்தை மறந்துபோனாள். கீழே ஓடி வந்து பார்த்தபோது, போனில் தவறிய அழைப்புகள் வரிசையாக நின்றன.

அன்றிரவு அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்தாள்.

"ரொம்பத் திட்டினாராம்மா?" என்று பாஸிலா மெல்லக் கேட்டாள்.

"பில்லு இல்லாம லாரி கிளம்பலியே, பாஸி. 'ஏதோ ஆப் இருக்காமே, அதுலயே எண்ணு வருமாமே. திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா வேற ஆளைப் போட்டுக்கிறேன்'னுட்டாரு. போனை நான் கொண்டு போயிட்டா, உன்கிட்ட என்ன இருக்கும்? உன்னைத் தனியா விட்டுட்டு, போனும் இல்லாம…"

பாஸிலா அம்மாவின் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தாள். மாடிக்குப் போனவள் அவளல்லவா?

மறுநாள் அவள் அந்த ஆப்பைப் பற்றிப் போனில் தேடிப் படித்தாள். 'சிம் வேண்டியதில்லை; சிக்னலும் வேண்டியதில்லை' என்ற வரியைக் கண்டதும் துள்ளி எழுந்தாள். அலமாரியில் அத்தாவின் பழைய போன் ஒன்று கிடந்தது. அதில் சிம் கிடையாது. அத்தா ஊரில் இருக்கும்போது அவரை வெள்ளென எழுப்பி விடுவது ஒன்றே அதன் வேலை. அதை அம்மா ஆபீசுக்கு எடுத்துப் போனால், அம்மாவின் போன் வீட்டிலேயே இருக்கலாம்!

ஞாயிற்றுக்கிழமை மாலை, தாயும் மகளும் பாயில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அம்மாவின் போனில் ஆபீஸ் கணக்கைத் திறந்தார்கள். அதிலிருந்தே இணையத்தைக் கொடுத்து, பழைய போனில் ஆப்பை இறக்கினார்கள். கட்டம் கட்டமாக ஒரு படம் வந்தது. அதைப் பழைய போனால் படம் பிடிக்க வேண்டும். ஆனால் லாரியிலிருந்து விழுந்த நாள் முதல், அந்தப் போனின் கேமராவுக்குக் கண் தெரியாது.

"படம் எடுக்க முடியாட்டி எழுத்தைத் தட்டலாம்னு போட்டிருக்கு. நான் சொல்றேன், நீ தட்டும்மா" என்றாள் பாஸிலா. "எம்."

"'எம்'மா, 'என்'னா?"

"மதுரைக்கு வர்ற எம்."

"சரி, மதுரை."

"அடுத்தது நத்தத்துக்கு வர்ற என். அப்புறம் பழனிக்கு வர்ற பி."

"பழனியா, பட்டிவீரன்பட்டியா?"

"பழனிதாம்மா!"

"இம்புட்டு ஊருக்குப் போறதுக்கு, பஸ்ஸுலயே போயிருக்கலாம்" என்று அம்மா சொல்ல, இருவரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

ஒருவழியாக ஆறு எண்கள் பழைய போனில் தோன்றின. அவற்றின் பக்கத்தில் ஒரு சிறு வட்டம் தேய்ந்துகொண்டே வந்தது. அது தேய்ந்து முடிந்ததும், எண்கள் மாறிப் புதிய ஆறு எண்கள் வந்தன.

"அப்பாடா! இனிமே உனக்குப் போன் அடிச்சுத் தொந்தரவு பண்ண வேண்டியதில்ல" என்றாள் அம்மா.

பாஸிலாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. இதை அவள் எண்ணிப் பார்க்கவே இல்லையே! எண் வேண்டாமென்றால், நாலரை மணி அழைப்பு எதற்கு? அந்த ஒரு கேள்வியும் இனி எங்கிருந்து வரும்?

அம்மா எண்களைத் தட்டினாள். 'தவறான எண்' என்றது கணக்கு. மறுபடியும் தட்டினாள். மறுபடியும் தவறு. எத்தனை முறை தட்டியும் அதே பதில்தான். அதற்குள் பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்கான பாங்கு ஒலித்தது.

"மஃரிப் தொழுதுட்டு வாரேன்" என்று அம்மா சோர்வுடன் எழுந்து உள்ளே போனாள்.

இரண்டு போன்களும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. பாஸிலா அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அவள் கண்கள் விரிந்தன. பழைய போன் காட்டிய நேரம், அம்மாவின் போனைவிடப் பத்து நிமிடம் முந்தி இருந்தது!

எண்களோ நேரத்துக்கு நேரம் மாறுகின்றன. அப்படியானால் அத்தாவின் போன், பத்து நிமிடம் கழித்து வர வேண்டிய எண்களை இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறது. கணக்கு எப்படி ஏற்றுக்கொள்ளும்?

சொல்ல வாய் திறந்தவள், மூடிக்கொண்டாள்.

சொல்லாவிட்டால்? ஆப் சரிப்படாது. நாளைக்கும் நாலரைக்கு மணி அடிக்கும். "பாஸி, எண்ணு வந்துச்சா?" என்று அம்மாவின் குரல் கேட்கும். பாஸிலா பழைய போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

தொழுகை முடித்து வந்த அம்மா, தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "விடு பாஸி. நம்மால முடிஞ்சது இம்புட்டுதான். வேற ஆளைப் பாத்துக்கங்கன்னு நாளைக்கு நானே சொல்லிர்றேன்."

இப்படிச் சோர்ந்துபோன குரலைக் கேட்க வேண்டும் என்றா பாஸிலா நாள்தோறும் காத்திருந்தாள்? அவள் போனைச் சட்டென்று நிமிர்த்தினாள்.

"இதுல மணியைப் பாரும்மா. அத்தா வேலை!"

அம்மா பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தையும் பார்த்தாள். "இந்த மனுசன் நேரத்தை எதுலதான் விட்டு வச்சாரு!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பாஸிலா நேரத்தைத் திருத்தினாள். புதிய எண்களை அம்மா தட்டினாள். கணக்கு மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டது. அம்மா மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். பாஸிலா அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை பள்ளியிலிருந்து வந்தவள், "திற, நான்தான்" என்றாள். பூட்டு திறந்தது. தட்டைத் திறந்து பார்த்து மூடினாள். சுவர்க் கடிகாரம் நாலரை காட்டியது. அது அத்தாவின் நேரம். இன்னும் பத்து நிமிடம் சென்றது. போன் பேசாமல் கிடந்தது. பின்னும் சிறிது நேரம் சென்றது.

அவள் வீட்டுப்பாடத்தை எடுத்து வைத்தபோது, மணி அடித்தது.

"பாஸி…"

"எண்ணு ஒண்ணும் வரலியேம்மா! மறுபடியும் கெட்டுப் போச்சா?"

"இல்லடா. தட்டுன உடனே திறந்துருச்சு. 'ஏம்மா, நாலரை தாண்டிருச்சே, இன்னிக்கு உம்மக கிட்ட எண்ணுக் கேக்கலியா?'ன்னு சோலைமலை சார் கேட்டாரு. இனிமே வேணாம் சார்னேன். கையில இருந்த பில்லுக் கட்டைக் கீழ வச்சுட்டு, 'எண்ணு வேணாம், சரி. பிள்ள காத்துக்கிட்டு இருக்குமேம்மா'ன்னு போனை எம்பக்கம் தள்ளிட்டாரு."

பின்னாலிருந்து ஒரு கனத்த குரல் கேட்டது: "ஒரே ஒரு கேள்விதான்! லாரி நிக்குது!"

"இன்னிக்கு நான் கேக்குறேன்" என்றாள் பாஸிலா அவசரமாக. "நீ சாப்பிட்டியாம்மா?"

"இன்னும் இல்ல" என்றாள் அம்மா.

"நானும் இல்ல. தெனமும் 'ம்'னு பொய்தான் சொன்னேன். இப்போ சாப்பிடுறேன். நீயும் சாப்பிடு. வைக்கிறேன்."

பாஸிலா போனை அரிசி டின்னின் மேல் வைத்தாள். அம்மா வருவதற்கு இன்னும் வெகு நேரம் இருந்தது. மூடியை எடுத்தாள். அங்கே அம்மாவும் இந்நேரம் டிபன் பாக்ஸைத் திறந்திருப்பாள் என்று எண்ணிக்கொண்டு, முதல் வாயை எடுத்துச் சாப்பிட்டாள்.