ஜூனியின் கலங்கரை விளக்கம்

ஒஹாயோவில் இந்த வாடகை வீட்டுக்குக் குடிவந்த அன்று, சாமான் இறக்கிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டு டெல்பர்ட் வந்து வாசல் விளக்கைக் காட்டினார்.

"ஹாலோவீன் அன்னைக்கு மட்டும் இதப் போடாதம்மா. விளக்கு எரியாத வீட்டுக்கு எந்தப் புள்ளையும் மிட்டாய் கேட்டு வராது. அதுவும் வராது."

"எது?"

"முன்னாடி இருந்தவங்க பையன்கிட்ட வந்து வெளிச்சத்தக் கேட்டுச்சு. அவன் வேஷத்துக்கு வச்சிருந்த, விளக்கு எரியிற பொம்மைக் கத்தியத் தூக்கிக் குடுத்துட்டான். அன்னையிலேருந்து அவனுக்குப் பேச்சே இல்ல."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. என் மகள் ஜூனிக்குச் சக்கர நாற்காலி. இந்த ஊரில் எல்லா வீட்டு வாசலிலும் படிகள். ஹாலோவீனுக்கு மற்றப் பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு ஏறிப்போய் மிட்டாய் வாங்க, ஒவ்வொரு வருஷமும் அவள் கீழேயே நிற்பாள். சரிவுப் பாதை இருக்கிறதே என்றுதான் இந்த வீட்டை எடுத்தேன். இந்த முறை மிட்டாய் கொடுக்கப்போவது அவள். எதற்கோ பயந்து நான் விளக்கை அணைப்பதா?

கராஜில் உட்கார்ந்து, அவள் வேஷத்துக்காக நாற்காலியைக் கலங்கரை விளக்கமாக்கினோம். அட்டைப்பெட்டி, சிவப்புப் பெயின்ட், உச்சியில் ஜாம் ஜாடிக்குள் எல்இடி. அந்தச் சின்ன விளக்குக்கு இரண்டு கம்பிக் கால்கள். நீளமான கால் பேட்டரியின் பிளஸ் பக்கம் தொட வேண்டும். மாற்றி வைத்தால் எரியாது. பசையை உருக்கி ஒட்டும் க்ளூ கன்னில் விரலைச் சுட்டுக்கொண்டே ஜூனி கற்றுக்கொண்டாள்.

சில மாலைகளில் எங்கள் முதுகுக்குப் பின்னால் ஈர இலை வாடை அடிக்கும்.

"யாரோ பாக்குறாங்கம்மா."

"பாக்கட்டும். பாத்துக் கத்துக்கட்டும்."

ஹாலோவீன் சாயங்காலம் வாசல் விளக்கைப் போட்டேன். டெல்பர்ட் தன் ஜன்னல் திரையை இழுத்து மூடிக்கொண்டார். பிள்ளைகள் சரிவில் ஓடி ஓடி வந்தார்கள். "டிரிக் ஆர் ட்ரீட்டுன்னு சொல்லு, சொல்லாட்டி கெடையாது" என்று ஜூனி எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

இருட்டத் தொடங்கியபோது அந்த வாடை வந்தது.

வாசல் விளக்கு அணைந்தது.

தெருவில் இருந்த பூசணி விளக்குகளும் அணைந்தன.

சரிவின் அடியில் ஒரு பிள்ளை, படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு நின்றது. கண்ணுக்கு வெட்டியிருந்த ஓட்டைகளுக்குள் ஒன்றுமே இல்லை.

அது ஏறி வந்தது. சரிவுப் பலகையில் காலடிச் சத்தம் கேட்கவில்லை.

"வெளிச்சம் குடு."

ஜூனியின் ஜாடி மட்டும் எரிந்துகொண்டிருந்தது. நான் குறுக்கே போய் நின்றேன்.

"மிட்டாய் வேணா எடுத்துக்கோ. இது கெடையாது" என்றாள் ஜூனி.

"குடு."

"நானும் எங்கம்மாவும் கையச் சுட்டுக்கிட்டுச் செஞ்சது. வேணும்னா நீயே செஞ்சுக்கோ."

ஜாடி வெளிச்சம் நூலாக மெலிந்தது.

அணையவில்லை.

பிறகு தெரு முழுக்க வெளிச்சம் திரும்பியது. சரிவில் யாரும் இல்லை.

"ஜூனி, ஏதாச்சும் பேசுடி."

"பயமா இருந்துச்சும்மா. ஆனா நான் குடுக்கல." அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

காலையில் இருவரும் கராஜுக்குப் போனோம். பிளக்கில் சொருகாத க்ளூ கன்னின் மூக்கு சுட்டது. மேசை மேல் ஒரு பால் அட்டைப்பெட்டி, கண்களுக்கு இரண்டு ஓட்டை வெட்டி, பசை நூல் நூலாகத் தொங்கிக்கொண்டு, உள்ளே மஞ்சளாக எரிந்தது. திறந்து பார்த்தேன். பிளஸ், மைனஸ் குறி போட்ட கூட்டில் பேட்டரியே இல்லை.

ஜூனி எட்டிப் பார்த்தாள். "கம்பிக் காலையும் மாத்தி வச்சிருக்கு."

நான் அவள் நாற்காலியைப் பின்னால் இழுத்தேன். நகரவில்லை. மேசைக்கு அடியிலிருந்து ஏதோ சக்கரத்தைப் பிடித்திருந்தது.

ஜூனி குனியவில்லை.

"சொல்லித் தர்றேன். ஆனா என் நாற்காலியத் தொடக்கூடாது."

சக்கரம் மெல்ல விடுபட்டது.