நட்டவன்தான் எடுக்கணும்

நெவாடா பாலைவனத்து வெயில் சாயும் நேரத்தில் வில்மாவும் ஹார்லனும் அந்தக் கைவிடப்பட்ட ரயில் நிலையத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ரயில் பெட்டி பழுதுபார்த்தே தலைமுடி நரைத்தவன் ஹார்லன். ஓய்வு பெற்ற பிறகும் தண்டவாளத்தைக் கண்டால் அவனுக்குக் கால் நிற்காது.

"யோவ், கல்யாண நாளும் அதுவுமா துருப்பிடிச்ச இரும்பைக் காட்டவா இவ்வளவு தூரம் இழுத்துட்டு வந்தே?"

"துருப்பிடிச்சதெல்லாம் எனக்குப் பிடிக்கும்டி. உன்னைக் கட்டிக்கலையா?"

மணலில் சக்கரம் புதைந்து ஒற்றைச் சரக்குப் பெட்டி நின்றது. அதன் முன்னால், தண்டவாளத்தின் நடுவே சின்னதாக ஒரு நீலக் கொடி. வில்மா அதைப் பிடுங்கி, போட்டோ எடுக்கச் சொல்லி ஆட்டினாள். துணி சாயம் போகாமல் புத்தம் புதிதாக இருந்தது. பச்சை எண்ணெய் வாடை அடித்தது.

ஹார்லனின் முகம் வெளிறிவிட்டது.

"அடிப்பாவி! நீலக் கொடி இருந்தா அடியில ஆள் வேலை செய்றான்னு அர்த்தம். நட்டவன்தான் எடுக்கணும்."

"இங்கே யாருய்யா வேலை செய்யப் போறான்?"

டங்.

பெட்டிக்கு அடியிலிருந்து சத்தம் வந்தது. சுத்தியல் இரும்பில் படும் சத்தம்.

டங்.

"கொடி... இருக்கா?" வறண்ட குரல் கேட்டது.

ஹார்லன் யோசிக்கவேயில்லை. கொடியை வெடுக்கென்று வாங்கி மணலில் குத்தினான். "இருக்குப்பா, நட்டுட்டேன்! பயப்படாதே!"

"நட்டது யாரு?"

"நான்தான், ஹார்லன்."

"அப்பாடா," என்றது குரல். "இனி இது உன் வேலை."

பெட்டியின் மறுபக்கம் மணலில் காலடிகள் பதிந்துகொண்டே தூரம் போயின. ஆள் மட்டும் இல்லை. வில்மா திரும்பிப் பார்த்தாள். ஹார்லனும் இல்லை.

போலீஸ் வந்தது, மோப்ப நாய் வந்தது. அடியில் வெறும் மணல்தான். அன்றிலிருந்து வில்மா தினமும் வந்து உட்கார்ந்து அழுகிறாள். கொடியைத் தான் பிடுங்கி நட்டால் அவன் வெளியே வந்துவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். ஒருநாள் துணிந்து கையை வைத்தாள்.

"தொடாதேடி!" அடியிலிருந்து அவன் கத்தினான். "நீ உள்ளே வந்தா நான் வெளியே வந்து என்னத்தைக் கிழிக்கப் போறேன்?"

அவள் கையை எடுத்துவிட்டாள். அதற்கப்புறம் அவன் வேறெதுவும் பேசுவதில்லை. இருட்டத் தொடங்கும்போது மட்டும் ஒரே ஒரு கேள்வி வரும்.

"வில்மா... கொடி இருக்கா?"

"இருக்குய்யா," என்பாள்.

டங்.