கழுத்துவரை மண்

பிரீனா ஒன்றாம் வகுப்பில் படிக்கும்போது ஓர் எலுமிச்சை விதையைத் தேங்காய்ச் சிரட்டையில் நட்டாள். அது முளைத்து, கொல்லைக்கு இடம் மாறி, அவளைவிட உயரமாக வளர்ந்து, அவள் ஆறாம் வகுப்புக்கு வந்த பிறகுதான் முதல் பூ விட்டது.

பூத்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழையா? கிறிஸ்துமஸுக்கு வாசலில் கட்டிய நட்சத்திரம்கூட நனைந்து கிழிந்து தொங்கியது. மழை விட்டதும் பார்த்தால் மரம் மஞ்சளாக நின்றது. தொட்டால் இலை உதிர்ந்தது.

"ஏட்டி, உனக்க மரத்துக்கு மஞ்சக்காமாலை!" என்று அண்ணன் சிஜின் சிரித்தான்.

பிரீனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் அப்பா சுந்தர்சிங் அம்மாவிடம் சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது.

"அது பட்டுப்போகும் ஷெர்லி. தீனம் வாழைக்குப் பரவினா என்ன செய்ய? சாயங்காலம் வந்து வெட்டிப் போடுதேன். அந்த இடத்துல ரெண்டு மட்டி வாழை வைக்கலாம்."

அன்று பள்ளிக்கூடத்தில் பக்கத்து அறையில் ஆசாரி பெஞ்சு சரிசெய்துகொண்டிருந்தார். 'டக், டக்' என்று ஒவ்வொரு அடி விழும்போதும் பிரீனா ஜன்னல் வழியே வீட்டுப் பக்கம் பார்த்தாள்.

மணி அடித்ததும் ஓட்டமாக வீட்டுக்கு வந்தாள். மரம் நின்றது. அப்பா இன்னும் வரவில்லை. ஆனால் அடுக்களைச் சுவரோரம் வெட்டுக்கத்தி தீட்டிப் பளபளவென்று காத்திருந்தது.

"உனக்கு எங்க வலிக்குது?" என்று மரத்திடம் மெல்லக் கேட்டாள். சுற்றிச் சுற்றி வந்தாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. எல்லாக் கொம்பும் மஞ்சள். கிணற்றுப் பக்கத்துக் கொம்பு மட்டும் பச்சை.

ஏன் அப்படி?

குனிந்து பார்த்தாள். கிணற்றுப் பக்கம் மழைத்தண்ணீர் ஓடி மண்ணை அரித்துவிட்டது. அங்கே மரத்தின் தடி சுத்தமாக வெளியே தெரிந்தது. மற்ற பக்கமெல்லாம் அவள் முழங்கால் உயரத்துக்கு மண் குவிந்திருந்தது. அப்பா வாழை விவசாயி. காற்றில் சாயாதிருக்க மழைக்கு முன்னால் வாழைக்கெல்லாம் மண் அணைப்பார். அதே மண்வெட்டியால், அதே அன்போடு, எலுமிச்சைக்கும் அணைத்திருந்தார்.

மண்ணுக்குள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆனால் போன வருடம் அங்கேதான் ஒரு பூரான் ஓடியது. பிரீனா கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை விட்டு அள்ளினாள். அழுகிய வாடை வந்தது. பட்டை கொழகொழவென்றிருந்தது. ரத்தம் உறைந்ததுபோல் பழுப்பாகப் பிசின் வடிந்திருந்தது.

விரலில் ஏதோ சில்லென்று நெளிந்தது.

"அம்மா!"

சிஜின் ஓடிவந்தான். "என்னட்டி, பாம்பா?"

"மண்புழு..."

"மண்புழுவுக்கா இந்தக் கூப்பாடு! அதுதான் உன்னக் கண்டு பேடிச்சிருக்கும்."

தடியைப் பார்த்ததும் அவன் கேலி நின்றது. மண்வெட்டியை எடுத்துவந்து, தேங்கிய தண்ணீர் ஓடப் பள்ளத்துப் பக்கம் சின்னதாக ஒரு சால் வெட்டினான்.

வாசலில் அப்பாவின் பைக் வந்து நின்றது. அவர் நேரே கத்தியை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தார்.

பிரீனா மரத்துக்கு முன்னால் போய் நின்றாள். அப்பாவிடம் 'நீங்கள் செய்தது தப்பு' என்று சொல்வதைவிட, பூரானைக் கையில் பிடிப்பது எளிது.

"மாறு மக்களே" என்று அப்பா கையால் விலகச் சொன்னார்.

"அப்பா... நீங்க அணைச்ச மண்ணுதான்..."

"என்னது?"

"வாழைக்கு அது பிடிக்கும். இதுக்குப் பிடிக்கல. எனக்க கழுத்துவரைக்கும் ஈரத்துணியச் சுத்தி வச்சா எனக்கு மூச்சு முட்டும்லா? அந்தக் கொம்பப் பாருங்க. மண்ணு இல்லாத பக்கம் மட்டும் பச்சையா நிக்குது."

அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பட்டையைத் தொட்டு மோந்து பார்த்தார். பச்சைக் கொம்பை அண்ணாந்து பார்த்தார்.

"நான்லா இதக் குழியில போட்டிருக்கேன்!" என்றவர், கத்தியைக் கீழே வைத்தார். "செரி. இந்த மாசம் முடியட்டும். பாப்போம்."

மிச்ச மண்ணை அவரே வழித்தெடுத்தார்.

ஆனால் மரம் உடனே தேறிவிடவில்லை. இன்னும் இலை கொட்டியது. காலையில் கொல்லைக் கதவைத் திறக்கவே பிரீனாவுக்குப் பயம்.

"அண்ணா, நீ முதல்ல பாத்துச் சொல்லு."

"நிக்குது."

"பொய் சொல்லலியே?"

"நிக்குதுட்டி. வந்து பாரு."

வெயில் பட்டுப் பிசின் காய்ந்தது. தடி உலர்ந்தது. ஆனால் அந்தப் பச்சைக் கொம்பைத் தவிர மற்றவை மொட்டையாகவே நின்றன. மாதமும் முடியப்போகிறது.

ஒரு நாள் காலையில் கொல்லையிலிருந்து அப்பாவின் குரல் அதட்டலாக வந்தது. "பிரீனா! இங்க வா!"

வாயில் பல்பசை நுரையோடு ஓடினாள். அப்பா மரத்தடியில் நின்றிருந்தார். கையில் ஒன்றும் இல்லை. ஒரு மொட்டைக் கொம்பைக் காட்டினார்.

அதன் கணுவில், அரிசிமணி அளவுக்கு ஒரு பச்சைத் துளிர். பக்கத்திலேயே பிஞ்சாக ஒரு முள்.

பிரீனா கையை நீட்டினாள்.

"பாத்து மக்களே, குத்தும்."

"குத்தட்டும்ப்பா" என்று சொல்லிவிட்டு, அவள் விரலை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனாள்.