எர்ரர் 14

தொலைபேசி அலறியது.

யுவனேஸ்வரி நடுங்கினாள். மலேசியாவின் கேமரன் மலையில், தானா ராத்தா ஊரில் மருத்துவக் கருவிகளை வாடகைக்கு விடும் கம்பெனியின் ஒரே டெக்னீஷியன் அவள். எவ்வளவு மோசமாகப் பழுதான இயந்திரத்தோடும் சகஜமாகப் பழகுவாள். மனிதர்களோடு பேசத்தான் தகராறு, நாக்குத் திக்கும்!

"ஹ... ஹலோ..."

"யம்மா! ரிங்லெட் எஸ்டேட்டுலேர்ந்து திலகம் பேசுறேன்! மூச்சு மிசின் கத்துதும்மா! எர்ரர் 14-ன்னு காட்டுது! அவருக்குக் கண்ணு சொருகுது!"

"ஆ... ஆன்ட்டி, ப... பக்கத்துல ஆக்சிஜன் பாட்டில் இருக்கும். அத மாட்டி விடுங்க. நான் வந்துட்டேன்!"

எர்ரர் 14... காற்று உள்ளே போகும் வழியில் அடைப்பு!

போன வாரம்தான் அந்த வீட்டில் இயந்திரத்தைப் புது பில்டரோடு பொருத்தினாள். அதற்குள் தானாக அடைக்காது. அப்படியானால்...

யாரோ அடைத்திருக்கிறார்கள்!

அவளுடைய கார் மூடுபனியைக் கிழித்துக்கொண்டு பறந்தது என்று சொல்ல முடியாது. முன்னால் முட்டைக்கோஸ் ஏற்றிய லோரி. ஹாரன் அடிக்கக் கூச்சம். ஓர் உயிர் ஊசலாடுகிறதே என்று உறைக்க, அடித்தாள். அடித்ததற்காக லோரிக்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

எஸ்டேட் வீடு.

கட்டிலில் ஓய்வுபெற்ற கங்காணி சிவசாமி, ஆக்சிஜன் முகமூடியோடு. தலைமாட்டில் வென்டிலேட்டர் கீ... கீ... என்று கத்தியது. கதவோரம் மகன் ரூபன். தேயிலை பேக்டரியில் மெக்கானிக்.

மெக்கானிக்! எந்த இயந்திரத்தையும் நிறுத்தத் தெரிந்தவன்!

"பாட்டில் எவ்வளவு நேரம் தாங்கும் மிஸ்?" என்றான்.

எதற்குக் கேட்கிறான்?!

"கொ... கொஞ்ச நேரம்தான்."

திலகம் அவள் காதருகே குனிந்தாள். "காலையில அப்பனுக்கும் மகனுக்கும் சண்டைம்மா. பொண்ணு பாக்க வரவே மாட்டேங்குறான். 'உங்களுக்கு மூச்சு இருக்கிறவரைக்கும் எனக்கு நிம்மதி இல்ல'ன்னு கத்திட்டுப் போனான்."

யுவனேஸ்வரிக்கு வியர்த்தது. கேமரன் மலைக் குளிரில்!

போலீஸைக் கூப்பிடலாம். ஆனால் பேச வேண்டியிருக்குமே! கொலைப் புகாரை வாட்ஸ்அப்பில் எடுத்துக்கொள்வார்களா?

முதலில் உயிர்.

இயந்திரத்தை அணைத்தாள். பின்பக்க மூடியை இழுத்தாள். பில்டரை உருவினாள்.

வெள்ளைத் தூள்!

"வி... விஷம்!"

ரூபன் குனிந்தான். விரலால் தொட்டான். நாக்கில் வைத்தான்!

"ஐயோ!"

"விபூதி லா மிஸ்."

"நேத்து ஆயுதபூஜை இல்லியா?" என்றாள் திலகம். "மோட்டாருக்குப் பூசினோம், அரிசி குக்கருக்குக்கூடப் பூசினோம். உசுரக் காப்பாத்துற மிசினுக்கு மூணு பட்டை போடாம விடலாமா?"

விஞ்ஞானப் பட்டதாரி கண்டுபிடித்த விஷம்... திருநீறு!

அந்த இயந்திரப் பெட்டிக்குள் தன்னையும் போட்டு மூட இடமிருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. புது பில்டரை மாட்டினாள். அலறல் நின்றது. முகமூடியை மாற்றினாள். சிவசாமியின் நெஞ்சு சீராக ஏறி இறங்கியது.

அப்பாடா!

ஆனால்...

"ஆ... ஆன்ட்டி, ப... பட்டை முன்னாடிதானே இருக்கு? இது பின்பக்க மூடிக்கு உள்ள, பிடி பிடியா!"

"பின்பக்கம் நான் தொடவே இல்லம்மா!"

எல்லோரும் ரூபனைப் பார்த்தார்கள்.

"என்ன ஏன் பாக்குறீங்க? அம்மா போன் போட்டாங்க, பேக்டரிலேர்ந்து இப்பதான் ஓடியாரேன்!"

இயந்திரத்தின் பின்பக்கம்... கட்டிலை ஒட்டி! படுத்தபடியே கையெட்டும் தூரம்! பக்கத்திலேயே நேற்றைய பூஜையின் விபூதித் தட்டு!

சிவசாமியின் வலது கை மெல்லப் போர்வைக்குள் நழுவியது.

யுவனேஸ்வரி பாய்ந்து பிடித்தாள். விரல் இடுக்கெல்லாம் விபூதி!

"அ... அங்கிள்... நீ... நீங்களா?! ஏன்?"

அவர் முகமூடியைச் சற்றே தூக்கினார்.

"பொண்ணு பாக்க வாடான்னா... வரமாட்டான். மிசின் கத்தினா... ஓடியாருவான். நீயும் வருவே. போன வாரம் உன்னப் பாத்தப்பவே... முடிவு பண்ணிட்டேன் லா."

"அடப்பாவி மனுசா! உசுரே போயிருக்குமே!" என்றாள் திலகம்.

"பாட்டில்தான் இருக்கே... நீ அத இவ்ளோ நேரம் தேடுவேன்னு எனக்கென்ன தெரியும்?"

ரூபன் கதவுக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தான். காது மட்டும் சிவப்பாகத் தெரிந்தது.

யுவனேஸ்வரிக்குக் கோபத்தில் வெட்கம் மறந்துபோனது. பிறந்ததிலிருந்து முதன்முறையாகத் திக்காமல் கேட்டாள்.

"விபூதி அடைச்சா மிசினுக்கு வாரண்டி கிடையாது அங்கிள். உங்க மகனுக்காவது இருக்கா?"